எஃப்.எஸ்.எச். கூடினால் நல்லதா? ஆண்களின் ஹார்மோன் ரிப்போர்ட்டை வாசிப்பது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை பக்கத்தில் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் குழந்தை இல்லையென்றால் காரியங்கள் எந்த வரிசையில் நடக்கும் என்பது நமக்கெல்லாம் தெரியும். குன்றக்குடியில் வேண்டுதல், சஷ்டி விரதம். பிறகு மனைவிக்கு ஸ்கேன், மனைவிக்கு ரத்தப் பரிசோதனை, மனைவிக்கு மாத்திரை. கணவனின் முறை வருவதற்குள் இன்னொரு வருடம் ஓடிவிடும். பிள்ளைப்பேறு தாமதமாகும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது என்பது மருத்துவ உலகம் நெடுநாளாக அறிந்த உண்மை. அது நம் வீட்டு முகப்பைத் தாண்டி உள்ளே வரத்தான் இத்தனை காலம் ஆகிறது.

ஒருவழியாக அவரும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால், கையில் ஒரு காகிதம் கிடைக்கும். அதில் ஐந்தாறு ஹார்மோன் பெயர்கள், எண்கள், சிலவற்றின் பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி. மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே மைத்துனர், மருந்துக் கடைக்காரர், வாட்ஸ்அப் நண்பர் எல்லாரும் அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் நான் அடிக்கடி கேட்பவை இரண்டு. “எஃப்.எஸ்.எச். 24 இருக்கிறதே அண்ணே, கூடுதலாக இருப்பது நல்லதுதானே?” என்பது ஒன்று. (விந்தணு உற்பத்திக்காகப் பிட்யூட்டரி சுரப்பி விரைக்கு அனுப்பும் ஹார்மோன்தான் எஃப்.எஸ்.எச்.) “டெஸ்டோஸ்டிரோன் நன்றாக இருக்கிறது, ஆகவே குறை என் மகனிடம் இல்லை” என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. இரண்டாவதை நம்பி ஒரு பெண்ணுக்குத் தேவையில்லாத சிகிச்சைகள் வருடக்கணக்கில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விந்துப் பரிசோதனை முதலில்

ஹார்மோன் ரிப்போர்ட் விந்தணுவை எண்ணுவதில்லை. எண்ணுவதற்கு விந்துப் பரிசோதனை இருக்கிறது. இரண்டு நாள் முதல் ஏழு நாள் வரை உடலுறவோ சுய இன்பமோ இல்லாமல் இருந்து மாதிரி கொடுக்க வேண்டும். விந்து என்பது வெளிவரும் திரவம். விந்தணு என்பது அதில் நீந்தும் உயிரணு. திரவம் போதிய அளவு இருந்தும் உள்ளே ஒரு விந்தணுகூட இல்லாமல் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது, நுண்ணோக்கி வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டில் சில கீழ் எல்லைகள் இருக்கின்றன. திரவம் 1.4 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் விந்தணு, மொத்தமாக 3 கோடியே 90 லட்சம், அவற்றில் அசைபவை 42 சதவீதம். ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை அளந்து பார்த்து, அவர்களில் மிகக் குறைந்த 5 சதவீதத்தினர் நின்ற இடத்தில் போட்ட கோடுகள் இவை. ஆகவே கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கும் குழந்தை பிறக்கலாம், மேலே இருப்பவருக்கும் தாமதமாகலாம். ஒருமுறை குறைவாக வந்தால் பதறாமல் சில வாரம் கழித்து மறுபடி செய்து பார்ப்பதுதான் முறை. ஒரு காய்ச்சலே எண்ணிக்கையைக் கொஞ்ச காலத்துக்குக் கவிழ்த்துவிடும்.

இரண்டு முறையும் மிகக் குறைவு, அல்லது அறவே இல்லை என்று வந்தால்தான் ஹார்மோன் பரிசோதனைக்கு உண்மையான வேலை வருகிறது. குறை எங்கே இருக்கிறது என்று அது சொல்லும்.

ஆத்தங்குடிப் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள்

ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் இட்டுச் செய்வார்கள். பிறகு உலர வேண்டும், தண்ணீரில் ஊற வேண்டும். இன்று ஆர்டர் கொடுத்து நாளை கல் வராது. பட்டறையில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒரு சாரார் கல் செய்பவர்கள். இன்னொரு சாரார் வண்ணம் கலப்பவர்கள். அந்த வண்ணத்தில் பெரும்பங்கு பட்டறைக்குள்ளேயே செலவாகிறது, மீதி வெளியே விற்பனைக்கும் போகிறது.

பட்டறைக்கு ஆர்டர் அனுப்பும் அலுவலகம் காரைக்குடியில். அங்கிருந்து இரண்டு வகைச் சீட்டுகள் வரும். ஒன்று கல் செய்பவர்களுக்கு, மற்றது வண்ணம் கலப்பவர்களுக்கு. வேலை ஒழுங்காக நடந்தால் பட்டறையிலிருந்து பதில் போகும்: “சரக்கு வருகிறது, இந்த வேகம் போதும்.” பதில் வராவிட்டால் அலுவலகம் சும்மா இருக்காது. மறுபடி சீட்டு, அதற்கும் பதில் இல்லையென்றால் மேலும் சீட்டு.

இப்போது வாடிக்கையாளர் வீட்டுக்குக் கல் வந்து சேரவில்லை. காரணம் என்ன? அலுவலகம் ஆர்டரே அனுப்பாமல் இருந்திருக்கலாம். ஆர்டர் மலையாகக் குவிந்தும் பட்டறை முடங்கியிருக்கலாம். ஆர்டரும் போய், கல்லும் தயாராகி, வண்டி வரும் பாதை அடைபட்டிருக்கலாம். வாசலில் நின்று பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுதான்: கல் வரவில்லை. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் சீட்டுகளை எண்ண வேண்டும். ஹார்மோன் பரிசோதனை அப்படிச் சீட்டு எண்ணும் வேலைதான்.

உடலுக்குள் உண்மையில் நடப்பது

ஹார்மோன் என்பது ஒரு சுரப்பி ரத்தத்தில் விட, தொலைவில் உள்ள உறுப்பு ஏற்றுக்கொண்டு வேலை செய்யும் ரசாயனச் செய்தி. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதியிலிருந்து ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோன் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துடிப்புத் துடிப்பாக வெளிவருகிறது. மூளையில் பிறக்கும் இத்தகைய ஹார்மோன்களைப் பிரித்தெடுத்து அவற்றின் அமைப்பைக் காட்டியதற்காக ரோஜர் கீமன், ஆண்ட்ரூ ஷாலி இருவருக்கும் 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. ரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் ஓடும் ஹார்மோனை அளக்கும் முறையை உருவாக்கிய ரோசலின் யாலோவும் அதே ஆண்டு அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ரிப்போர்ட்டில் இன்று எண்கள் அச்சாவது அந்த அம்மையார் போட்ட பாதையில்தான்.

ஜி.என்.ஆர்.எச். தட்டியதும் அதற்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. இவைதான் நம் இரண்டு சீட்டுகள்.

எஃப்.எஸ்.எச். விரையில் உள்ள செர்டோலி செல்களுக்குப் போகிறது. வளரும் விந்தணுக்களைத் தாங்கி, ஊட்டி வளர்க்கும் செல்கள் இவை. எல்.எச். அதே விரையில் உள்ள லேடிக் செல்களுக்குப் போகிறது. இவை டெஸ்டோஸ்டிரோனைச் செய்கின்றன. ஆணின் குரல், தாடி, தசை, இச்சை இவற்றுக்குப் பொறுப்பான அந்த ஹார்மோன் விந்தணு முதிர்வதற்கும் கட்டாயம் வேண்டும். அதுவும் ரத்தத்தில் ஓடும் அளவு போதாது. விரைக்குள் அதன் அடர்த்தி ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல பத்து மடங்கு. இந்த ஒரு விவரத்தை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பதில் கடிதமும் இரண்டு. செர்டோலி செல்கள் இன்ஹிபின் பி என்ற ஹார்மோனைச் சுரந்து எஃப்.எஸ்.எச்.-ஐ அடக்குகின்றன. டெஸ்டோஸ்டிரோன் மூளைக்குச் சென்று எல்.எச்.-ஐ அடக்குகிறது. அடிநிலைச் செல் ஒன்று விந்தணுவாக உருமாற ஏறத்தாழ 74 நாள். பிறகு விரையின் மேல் சுருண்டிருக்கும் குழாயில் பயணம் செய்து நீந்தும் திறன் பெற மேலும் ஒன்றிரண்டு வாரம். ஆக இன்று நாம் எண்ணும் விந்தணு மூன்று மாதத்துக்கு முந்தைய உடல்நிலையின் விளைவு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டும் மூளை அனுப்பும் ஆர்டர்கள். இன்ஹிபின் பி, டெஸ்டோஸ்டிரோன் இரண்டும் விரை அனுப்பும் பதில்கள். பதில் குறைந்தால் ஆர்டர் கூடும்.

எஃப்.எஸ்.எச். சொல்லும் கதைகள்

பல ஆய்வகங்கள் ஆண்களுக்கு எஃப்.எஸ்.எச். 1.5 முதல் 12.4 வரை என்று அச்சிடுகின்றன. கருவிக்குக் கருவி இது கொஞ்சம் மாறும். 12 வரை சரி என்று போட்டிருந்தாலும், விந்தணு குறைந்த ஒருவருக்கு 7, 8-ஐத் தாண்டினாலே மருத்துவர்கள் கூர்ந்து பார்ப்பார்கள்.

24 என்று வந்த அந்தத் தம்பியின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். பிட்யூட்டரி தன் வழக்கமான குரலை விட்டுக் கத்திக்கொண்டிருக்கிறது. ஏன்? விரையிலிருந்து பதில் வரவில்லை. உற்பத்தி செய்யும் இடமே நலிந்திருக்கிறது. இதற்குக் காரணங்கள் பல. பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை, சிறு வயதில் விரை கீழே இறங்காமல் இருந்தது, பருவ வயதுக்குப் பிறகு வந்த பொன்னுக்கு வீங்கி விரையைத் தாக்கியது, புற்றுநோய்க்கு எடுத்த சிகிச்சை. காரணமே புலப்படாதவர்களும் நிறையப் பேர். இங்கே எஃப்.எஸ்.எச். கூடுதலாக இருப்பது நோயல்ல, நோயின் அறிகுறி. அதைக் குறைக்க மாத்திரை தேடுவதில் பொருளில்லை.

எதிர்த் திசையில் ஒரு கதை இருக்கிறது. விந்தணு இல்லை, எஃப்.எஸ்.எச். 0.4, எல்.எச். 0.3, டெஸ்டோஸ்டிரோனும் அடிமட்டம். அலுவலகம் ஆர்டரே அனுப்பவில்லை. சிலருக்குப் பிறவியிலேயே இப்படி இருக்கும். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மணமே தெரியாது. கால்மன் நோய்த்தொகுதி என்று பெயர். மல்லிகைக்கும் சாம்பிராணிக்கும் வித்தியாசம் தெரியாமல் வளர்ந்த பையனை வீட்டில் யாரும் அதற்காக மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போவதில்லை. மீசை அரும்பவில்லையே என்றுதான் தாமதமாகக் கவனிக்கிறார்கள். பார்க்க மிக மோசமாகத் தெரியும் இந்த ரிப்போர்ட்டில்தான் மருந்துக்கு நல்ல பலன் உண்டு. வராத ஆர்டரை ஊசி வழியாகக் கொடுக்கலாம். எல்.எச்.-இன் வேலையைச் செய்யும் எச்.சி.ஜி. ஊசியும், தேவைப்பட்டால் எஃப்.எஸ்.எச். ஊசியும் பல மாதம், சிலருக்கு ஓராண்டுக்கு மேல் போட்டால் பலருக்கு விந்தணு உருவாகிறது.

மூன்றாவது, எல்லா ஹார்மோனும் சரி, விரையின் அளவும் சரி, ஆனால் விந்தணு பூஜ்யம். முதல் சந்தேகம் பாதை அடைப்பு. தொற்று, பழைய அறுவைச் சிகிச்சை, அல்லது விந்தணுக் குழாய் பிறவியிலேயே உருவாகாதது. குழாயே இல்லாதவர்களுக்குத் திரவத்தின் அளவும் பெரும்பாலும் குறைந்துவிடும். உற்பத்தி நடந்துகொண்டே இருப்பதால் விரையிலிருந்து நேரடியாக விந்தணுவை எடுக்க முடியும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, படித்தவர்களும் விழுகிறார்கள். எஃப்.எஸ்.எச். சரியாக இருந்தும் உற்பத்தியிலேயே குறை இருக்கலாம். விந்தணு பல படிகளில் முதிர்கிறது. ஆரம்பப் படிச் செல்கள் போதிய அளவில் இருந்தால் செர்டோலி செல்கள் “வேலை நடக்கிறது” என்று பதில் அனுப்பிவிடும். கடைசிப் படிகளில் எல்லாம் நின்றுபோனால் மூளைக்கு அது தெரியாது. எஃப்.எஸ்.எச். 4 என்று அழகாக அச்சாகி இருக்கும், விந்தணு ஒன்றுகூட இருக்காது. முதிர்ச்சி நின்றுபோதல் என்று இதைச் சொல்வார்கள். ஆகவே நார்மல் என்ற சொல்லைப் பார்த்ததும் அடைப்புத்தான் என்று முடிவு கட்டக் கூடாது.

இன்ஹிபின் பி

செர்டோலி செல்கள் நேரடியாகச் சுரப்பதால், எஃப்.எஸ்.எச்.-ஐவிட இது உற்பத்தி நிலையை நெருக்கமாகக் காட்டும். உற்பத்தி நலிந்தால் இது குறையும், எஃப்.எஸ்.எச். கூடும். ஆனாலும் வழக்கமான முதல்கட்டப் பரிசோதனையில் இதைச் சேர்ப்பதில்லை. விலை கூடுதல், சிகிச்சை முடிவைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை. மருத்துவர் எழுதவில்லையே என்று வருந்த வேண்டாம்.

டெஸ்டோஸ்டிரோன்: மிகப் பெரிய குழப்பம்

பஸ் நிலையத்துச் சுவர்களில் ஆண்மைக் குறைவுக்கு லாட்ஜில் வைத்தியம் என்ற சுவரொட்டிகளைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். அவை நம் மனத்தில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டன. உறவில் குறையில்லை என்றால் பிள்ளை தருவதிலும் குறையில்லை என்று நம்புகிறோம். பட்டறையில் வண்ணம் கலப்பவர்களும் கல் செய்பவர்களும் வேறு வேறு ஆட்கள் என்று பார்த்தோமே, அதுதான் இங்கே விடை. லேடிக் செல்கள் உறுதியானவை. விந்தணு உற்பத்தி முற்றிலும் நின்ற விரையிலும் அவை வேலை செய்துகொண்டே இருக்கும். எனவே ஒருவருக்கு நல்ல மீசை, கனத்த குரல், குறையில்லாத தாம்பத்தியம், டெஸ்டோஸ்டிரோன் 520, எல்லாம் இருந்து விந்தணு மட்டும் இல்லாமல் இருக்கலாம். இதில் அவருடைய ஆண்மைக்கு ஒரு இழுக்கும் இல்லை. இதைக் கணவனுக்குப் புரியவைத்தால்தான் அவர் பரிசோதனைக்கே வருவார்.

இதைவிட ஆபத்தான நம்பிக்கை இன்னொன்று. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் விந்தணு கூடும் என்பது. நேர்மாறாகத்தான் நடக்கும். வெளியிலிருந்து வண்ணம் வண்டி வண்டியாகக் காரைக்குடி அலுவலகத்துக்கு வந்து இறங்கினால் அங்கே என்ன நினைப்பார்கள்? பட்டறை தேவைக்கு மேல் ஓடுகிறது என்று இரண்டு சீட்டுகளையும் நிறுத்திவிடுவார்கள். ஊசி போட்டதும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் சரிகின்றன. விரைக்குள் இருந்த அந்தப் பல பத்து மடங்கு அடர்த்தி காணாமல் போகிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைந்து வழியும், விரைக்குள் வறட்சி. சில மாதங்களில் விந்தணு பூஜ்யத்துக்கு இறங்கலாம். ஆண்களுக்கான கருத்தடையாகவே இதைப் பயன்படுத்த முடியுமா என்று உலக சுகாதார நிறுவனம் ஆராய்ந்து 1990-இல் வெளியிட்ட முடிவுகளில், வாரம் ஒரு ஊசி போட்டுக்கொண்ட நலமான ஆண்களில் பெரும்பாலோருக்கு விந்தணு முற்றிலும் நின்றுபோனது.

ஜிம்மில் தசை ஏற்றுவதற்காகச் சிலர் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. “சத்து ஊசி” என்று சொல்லிக் கொடுத்ததை வாங்கிப் போட்டுக்கொண்ட இளைஞரின் ரிப்போர்ட்டில் எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் ஏறக்குறைய இல்லாமல் இருக்கும். நிறுத்தினால் பலருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு, அதற்கு மேலும் கழித்து உற்பத்தி திரும்புகிறது. சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. தம்பிமாரே, அந்த ஊசியின் பெயரை மனைவியிடம் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அதைச் சொல்லாவிட்டால் மருத்துவர் பிட்யூட்டரியில் கட்டி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பார்.

டெஸ்டோஸ்டிரோன் உண்மையிலேயே குறைந்திருந்து, குழந்தையும் வேண்டும் என்பவருக்கு விரையின் சொந்த உற்பத்தியைத் தூண்டும் வேறு மருந்துகள் இருக்கின்றன. எது என்பதை இந்தத் துறை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

காகிதத்தில் இருக்கும் மற்றப் பெயர்கள்

புரோலாக்டின் பெண்களுக்குப் பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன். ஆணிலும் சிறிதளவு உண்டு. மிகக் கூடினால் அது ஜி.என்.ஆர்.எச். துடிப்பை அமுக்கி, ஆர்டரை நிறுத்திவிடும். பிட்யூட்டரியில் வரும் சிறு கட்டி, சில மனநல மருந்துகள் இவற்றால் கூடலாம். மாத்திரையிலேயே கட்டி சுருங்குவது இதில் ஆறுதலான செய்தி. டி.எஸ்.எச். தைராய்டு நிலையைக் காட்டுகிறது. எஸ்ட்ரடையால் என்ற பெண் ஹார்மோன் ஆணிலும் சிறிதளவு உண்டு, உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கூடியிருக்கலாம், கொழுப்புத் திசு டெஸ்டோஸ்டிரோனை அதுவாக மாற்றுவதால்.

இந்த இடத்தில் ஒரு வரியில் சொன்னால்: ஆர்டர் கூடி விந்தணு குறைந்தால் குறை விரையில், ஆர்டரே இல்லையென்றால் குறை மூளைப் பக்கம் அல்லது வெளி ஊசியில், ஆர்டர் சரியாக இருந்து விந்தணு பூஜ்யம் என்றால் அடைப்பா, முதிர்ச்சி நின்றதா என்று மேலும் பார்க்க வேண்டும்.

ரத்தம் கொடுக்கப் போகும்போது

டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கும். காலை பத்து மணிக்கு முன், வெறும் வயிற்றில் கொடுப்பது நல்லது. குறைவு என்று வந்தால் வேறொரு நாள் காலையில் மறுபடி பார்க்க வேண்டும். கடையைத் திறந்து வியாபாரத்தை முடித்துவிட்டுச் சாயங்காலம் வருகிறேன் என்பவர்களை நாங்கள் திருப்பி அனுப்புவது அதனால்தான். முடி வளர்வதற்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில கருவிகளில் ஹார்மோன் எண்களைப் பொய்யாக்கிவிடும். அதைச் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். காய்ச்சல் நேரத்தில் எந்தப் பரிசோதனையும் வேண்டாம். சிகிச்சை தொடங்கினால் விந்தணுவில் பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். பதினைந்து நாளில் எண்ணிக்கை இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பூஜ்யம் என்று வந்தபிறகு

எஃப்.எஸ்.எச். மிகக் கூடி, விந்தணு பூஜ்யம் என்றால் எல்லாம் முடிந்தது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1992-இல் பெல்ஜியத்தில் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் குழந்தைகள் பிறந்ததை அறிவித்த பிறகு கணக்கு மாறியது. கோடிக்கணக்கில் தேவையில்லை, சில போதும். நலிந்த விரைக்குள்ளும் அங்கங்கே திட்டுத் திட்டாக உற்பத்தி மிச்சம் இருக்கலாம். அறுவை நுண்ணோக்கியின் கீழ் அந்தத் திட்டுகளைத் தேடி எடுக்கும் மைக்ரோ டீசே என்ற முறையில், அனுபவமுள்ள மருத்துவர்கள் பாதிக்குப் பாதி என்று சொல்லத்தக்க அளவில் விந்தணுவைக் கண்டெடுக்கிறார்கள். எஃப்.எஸ்.எச். 30 இருந்தவரிடமும் கிடைத்திருக்கிறது, 10 இருந்தவரிடம் கிடைக்காமலும் போயிருக்கிறது. குறை விரையில் என்று சொல்லும் அந்த எண், உள்ளே ஏதாவது மிச்சமிருக்கிறதா என்பதைச் சொல்லாது.

அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன் இரண்டு மரபணுப் பரிசோதனைகள் அவசியம். ஒன்று குரோமோசோம்களை எண்ணும் கேரியோடைப். மற்றது ஒய் குரோமோசோமில் சில துண்டுகள் விடுபட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது. ஏ, பி, சி என்று மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஏ அல்லது பி பகுதி முழுதாக விடுபட்டிருந்தால் விந்தணு கிடைக்க வாய்ப்பு ஏறக்குறைய இல்லை, கத்தி வைப்பதே வீண். அப்படியான நிலையில் பிள்ளை கூட்டிக்கொள்வதை, அதாவது தத்தெடுப்பதை, பெருமையாகவே நடத்திவந்த மரபு நம் பக்கத்து நகரத்தார் குடும்பங்களில் உண்டு, தானமாகப் பெறும் விந்தணு வழியும் உண்டு. சி பகுதி மட்டும் விடுபட்டிருந்தால் பலருக்குக் கிடைக்கும். ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை ஒய் குரோமோசோமோடு போய்ச் சேரும். இதைக் கணவன், மனைவி இருவரையும் உட்காரவைத்து முன்பே விளக்க வேண்டியது மருத்துவரின் கடமை. அவர் விளக்கவில்லையென்றால் நீங்களே கேளுங்கள், கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.